வயர் இல்லாத பேனா

என் கையைப் பற்றி நானே பேசினால் தற்பெருமை என்பீர்கள். பேசத்தான் போகிறேன். பதுளை பஜார் வீதியில், லத்தீப் முதலாளியின் ஸ்டுடியோ மாடியில் பதினான்கு வருடம் உட்கார்ந்து, நெகட்டிவ்வில் முகப்பருவையும் அம்மைத் தழும்பையும் அழித்த கை இது. மூன்றே மயிர் உள்ள தூரிகையால் இமைக்கு மை தீட்டுவேன். ஊவா மாகாணத்தில் எந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குள் போனாலும், சுவரில் மாலை போட்ட படம் இருந்தால் பாதிக்குப் பாதி என் கைவேலையாக இருக்கும்.

தோட்டத்தில் ஒருவர் செத்துப்போனால் வீட்டில் தனிப் படம் இருக்காது. அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் இருக்கும், அதிலும் முகம் பயந்துபோய் இருக்கும். அதைக் கொண்டுவந்து பெரிதாக்கி, காதுக்குத் தோடு, கழுத்துக்குச் சங்கிலி, நெற்றிக்குப் பொட்டு வைத்துத் தரச் சொல்வார்கள். உயிரோடு இருந்தபோது போடாத நகையையெல்லாம் நான்தான் போட்டுவிடுவேன். இதில் எனக்குச் சிரிப்பும் வரும், சில நாள் அழுகையும் வரும்.

மாடியில் எங்களுக்கு ஒரு லைட் மேசை. மேலே பால் நிறக் கண்ணாடி, அடியில் நீளமான டியூப் லைட்டும் அதன் சோக்கும். காலையில் வந்ததும் முதலில் அந்த விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் தூரிகையை எடுப்பேன். விளக்குப் போடாமல் மேசையில் வேலை தொடுவது எனக்கு ஆகாது. கடைக்காரர் கல்லாப்பெட்டியைக் கும்பிடுவதைப் போலத்தான் இதுவும். எனக்கு எதிரே உட்காரும் குணமணிக்கும் இந்தப் பழக்கம் என்னைப் பார்த்தே வந்தது.

குணமணியும் நானும் தெமோதரைப் பக்கம் ஒரே தோட்டம். என்னைவிட ஏழு வயது இளையவள். எட்டு வருடத்துக்கு முன்னால் முதலாளியிடம் சொல்லி அவளை வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவோம். என் வீட்டுக்காரர் என்னோடு பேசாமல் இருந்த ஆறு மாதத்தில், நான் வாய்விட்டு அழுதது அவளிடம் மட்டும்தான்.

இரண்டாயிரத்து ஆறில் பிலிம் படுத்துவிட்டது. எல்லோரும் டிஜிட்டல் கேமராவுக்குப் போக, முதலாளியும் மாடியில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். மாசி மாதம் அவருடைய மருமகன் ஷப்ராஸ் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கறுப்புப் பலகையும் பேனாவும் கொண்டுவந்தான். டேப்லட் என்றான். பலகைக்கு மட்டும் வயர் உண்டு, கம்ப்யூட்டரில் செருக வேண்டும். பேனாவுக்கு வயர் கிடையாது. பலகையில் எழுதினால் திரையில் கோடு விழுமாம். சி.டி.யைப் போட்டு என்னவோ ஏற்றிவிட்டு, பேனா பக்கத்தில் வந்தால் பலகையில் இருக்கும் மஞ்சள் விளக்கு பச்சையாகும், அவ்வளவுதான் விஷயம் என்று சொல்லிவிட்டு அவன் மூன்றாம் நாள் பிளேன் ஏறிவிட்டான்.

அன்றைக்கே முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனுசர், சுற்றி வளைக்கவில்லை. இனித் தூரிகை வேலை வராது, கம்ப்யூட்டரும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான் தேவை என்றார். மாத முடிவுக்குள் அந்தப் பேனா யாருக்குப் படிகிறதோ அவருக்கு வேலை. மற்றவரை வைத்துக்கொள்ள அவரால் முடியாது.

பஸ்ஸில் திரும்பும்போது குணமணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். முப்பத்தாறு வயதில் இந்தக் கையை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? மறுபடி தோட்டத்தில் பேர் பதிந்து, காலையில் கொழுந்துக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டியதுதான். ஆனாலும் நான்தான் முதலில் பேசினேன். யாருக்குக் கிடைத்தாலும் மனஸ்தாபம் வேண்டாம், பேனாவைப் பற்றி ஒருத்தி கண்டுபிடித்ததை மற்றவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றாள்.

முதல் நாள் பேனாவுக்கு பட்டரி எங்கே போடுவது என்று தேடியே பொழுது போயிற்று. தலைமுடி ஊசியால் அதன் வாலைத் திறக்கப் பார்த்தோம். முதலாளி கட்டாருக்கு போன் போட்டுக் கேட்டபோதுதான், பட்டரியே கிடையாது, பலகைதான் பேனாவை எழுப்புகிறது என்று தெரிந்தது. இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

மவுஸைப் போலத் தூக்கித் தூக்கி வைக்கக் கூடாது, பலகையின் மூலைதான் திரையின் மூலை என்று கண்டுபிடித்தவள் நான். சொன்னேன். பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாக விட்டால் மெலியும் என்று கண்டுபிடித்ததும் நான்தான். அதையும் சொன்னேன். மறைக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

கம்ப்யூட்டர் மேசையில் இடம் இல்லாததால் பலகையை லைட் மேசையின் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டோம். எங்கள் கை பழகிய இடமும் அதுதான். காலையில் நான், மத்தியானத்துக்குப் பிறகு அவள் என்று முறை வைத்தோம். ஒருத்தி பழகும்போது மற்றவள் உள்ளறையில் படம் வெட்டுவாள்.

என் கையில் பேனா நிற்கவில்லை. பச்சை விளக்கு வரும், உடனே மஞ்சளாகிவிடும். மறுபடி இணையும், மறுபடி விட்டுப்போகும். கோடு இழுத்தால் நடுவில் அறுந்து பக்கத்தில் குதிக்கும். புருவம் வரைந்தால் மீசையில் போய் நிற்கும். குணமணிக்கும் முதல் ஐந்து நாள் அப்படித்தான் இருந்தது. ஆறாம் நாள் மாலை அவள் வரைந்த கண்ணை முதலாளி காட்டினார். இமை இமையாகத் தெரிந்தது. எப்படி என்று அவளைக் கேட்டேன்.

“பழகப் பழக வரும்க்கா,” என்றாள்.

நம்பினேன். ஏன் நம்பக் கூடாது? பிறகு தினமும் இன்னும் கொஞ்சம் பழகினேன். டீக்குக்கூட எழும்பவில்லை. நான் மேசைக்கு வருவதற்குள் அவள் எனக்காக மேசை விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்திருப்பாள். “லைட் போட்டுட்டேங்க்கா, உக்காருங்க,” என்பாள். அந்த அன்பில் எனக்கு மனம் இளகும். உட்கார்ந்தால் பேனா குதிக்கும்.

கைதான் நடுங்குகிறது என்று ஏழாம் நாள் காலையிலேயே நான் சொல்லியிருந்தேன். சொன்ன நாளிலிருந்து நடுங்கவும் தொடங்கியது. சோற்றைப் பிசையும்போது விரலைப் பார்ப்பேன். மணிக்கட்டில் வலி வந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு நரம்பில் ஒரு பழுதும் இல்லை என்றார், சத்துக் குளிசை எழுதித் தந்தார். பழுது இல்லையென்றால் அது வயசுக் கோளாறு என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். குணமணி வீட்டிலிருந்து தைலம் கொண்டுவந்து என் மணிக்கட்டில் தேய்த்துவிட்டாள். வலிக்கிற இடத்தைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்தாள்.

பதினாறாம் நாள் முதலாளியிடம் நானே போனேன். மாத முடிவு வரை காத்திருக்க வேண்டாம், என் கை போய்விட்டது, வேலையைக் குணமணிக்கே கொடுங்கள், அவளுக்கு நல்ல கை என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். மாடிக்கு வந்து அவளிடம் சொன்னபோது என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். நான்தான் அவளைத் தேற்றினேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

மறுநாள் சனிக்கிழமை என் தூரிகைகளை எடுத்துக்கொண்டு போக வந்தேன். குணமணி வழக்கம்போல எனக்காக மேசை விளக்கைப் போட்டுவிட்டு, டீ வாங்கக் கீழே போனாள். திரையில் ஒரு படம் திறந்திருந்தது. மடுல்சீமையில் இறந்துபோன ரெங்கம்மா என்ற பெண்ணின் அடையாள அட்டைப் படம். வெறுங்கழுத்தோடு முழித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு சங்கிலியாவது போட்டுவிட்டுப் போவோம் என்று பேனாவை எடுத்தேன். முதல் கண்ணி வளைவதற்குள் கோடு காதுக்குத் தாவியது.

அப்போது கரண்ட் போனது.

மேசை விளக்கு அணைந்தது, கீழே கடை ரேடியோ நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் யூ.பி.எஸ்ஸில் கீக்கீக்கென்று கத்திக்கொண்டு ஓடியது. வேலையை சேவ் பண்ணிவிட்டு அணைக்க வேண்டும். அதற்காகப் பேனாவைப் பலகைக்கு மேலே கொண்டுபோனேன். பச்சை விளக்கு வந்தது. நின்றது. அம்புக்குறி நான் காட்டிய இடத்தில் அசையாமல் இருந்தது.

எனக்குப் புரியவில்லை. ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன், நேராக விழுந்தது. காதுக்குப் போன கோட்டை அழித்துவிட்டு ரெங்கம்மாவின் கழுத்தில் ஒரு கண்ணி போட்டேன், இன்னொன்று போட்டேன். கழுத்துச் சரிவில் சிறுத்து, நெஞ்சில் வந்து பெரிதாகிற மாதிரி இருபது கண்ணிகள், ஒவ்வொன்றிலும் மினுக்கம். என் கைதான். பதினாறு நாள் எங்கேயோ போயிருந்த என்னுடைய கை. அந்த இருட்டில் வாய்விட்டுச் சிரித்தேன்.

கரண்ட் வந்தது. டியூப் இரண்டு தரம் மினுக்கி எரிந்தது, சோக் இரைந்தது, பேனா குதித்தது. மேசைக்கு அடியில் கையை விட்டு சுவிட்சை அணைத்தேன். பேனா நின்றது. போட்டேன், குதித்தது. அணைத்தேன், நின்றது. பலகைக்கு நேர் கீழே எரிகிற அந்த டியூபும் சோக்கும்தான் பேனாவைப் பிடித்து உலுக்கியிருக்கின்றன. நான் கண்ணில் ஒற்றிக்கொள்கிற அதே விளக்கு.

நிமிர்ந்தால் வாசலில் குணமணி, இரண்டு கையிலும் டீயோடு. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் இருந்த என் கையைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

“எப்பருந்து தெரியும்?” என்று கேட்டேன்.

டீயைக் கீழே வைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. ஆறாம் நாள் என்றாள். டியூப் மினுக்கிக் கண் கூசியதால் அணைத்தாளாம், பேனா சரியாகிவிட்டதாம். அதன் பிறகு தன் முறைக்கு அணைத்துவிட்டு, என் முறைக்குப் போட்டுவைத்திருக்கிறாள். தினமும், மறக்காமல்.

“மறுநாளே சொல்லத்தாங்க்கா வந்தேன். அதுக்குள்ள நீங்களே கை நடுங்குதுன்னு சொல்லிட்டீங்க. நான் ஒரு பொய்கூட சொல்லல. வாய மூடிட்டு இருந்தேன், அவ்வளவுதான்.”

கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேனே என்று சொல்ல வாய் வந்தது. அது பொய். விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் விளக்கை அணைக்கச் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டுப் போட்டியும் போட்டிருப்பேன், ஒருவேளை தோற்றும் இருப்பேன். வேலையை எடுத்துக்கொண்டதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். என் கையை நானே வெறுக்கும்படி பத்து நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்த வலிக்குத் தைலமும் போட்டாளே. வலி நிஜமாகத்தான் இருந்தது. ஒரு பழுதும் இல்லாத கையில் எப்படி அந்த வலி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் முதலாளியைக் கூப்பிட்டேன். மேலே வந்தவரிடம் குணமணி பேச்சை எடுக்காமல், விளக்கைப் போட்டும் அணைத்தும் வரைந்து காட்டினேன். ரெங்கம்மாவின் சங்கிலியைக் குனிந்து பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. இதற்குத்தானா ஆஸ்பத்திரி வரைக்கும் போனீங்க என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து நீங்களே உட்காருங்க என்றார்.

அவர் படியிறங்கப் போகும்போது குணமணி என் முந்தானையைப் பிடித்தாள். மெல்லிய குரலில், அவருக்குக் கேட்காதபடி சொன்னாள்.

“கவுண்டர்லயாவது என்னைய வைக்கச் சொல்லுங்கக்கா. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு. எனக்கும் தோட்டத்துக்குத் திரும்பிப் போக முடியாதுக்கா.”

அது எனக்குத் தெரியும். அவள் வீட்டு நிலைமை என்னைவிட யாருக்குத் தெரியும்?

முதலாளிக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும். படியில் ஒரு காலை வைத்தபடியே திரும்பினார்.

“ஜெயலெட்சுமி, கீழ கவுண்டருக்கு ஒரு ஆள் வேணும். குணமணிய போடவா? ஒங்களுக்கு நல்லா தெரிஞ்ச புள்ள. நம்பி வைக்க ஏலும்தானே?”

குணமணி என்னைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்து ரெங்கம்மாவின் காதுக்குத் தோடு வரையத் தொடங்கினேன். கோடு நடுங்கவில்லை.

அதைப் பார்த்துவிட்டு, “வெளங்குது,” என்று சொல்லி அவர் கீழே இறங்கிப் போனார். நானும் ஒரு பொய்கூட சொல்லவில்லை.