சாமியார் மவுஸ் பிடித்த நாள்

“நேத்து ஒரே நாள்ல நாலாயிரம் வரி மாத்தியிருக்கியாப்பா?”

“ஒரு வரிதான் சார் மாத்தினேன்.”

“அப்ப மீதி?”

“மீதியெல்லாம் வெறும் இடம் சார்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முந்தாநாள் இந்தப் பொண்ணு நாலாயிரம். அதுக்கு முந்தின நாள் நீ. தினம் வீடு மாத்தி சாமான் தூக்கறீங்களா ரெண்டு பேரும்?”

காத்திருப்பவர்களை வரிசைப்படி கூப்பிடும் பேசும் பலகைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம் அது. எழுதுகிறவர்கள் இரண்டே பேர். அவனுக்குச் சாமியார் என்று பெயர். மவுஸைத் தொடமாட்டான். கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே தெரியும், நிரல் எழுதுவதற்கான ஓர் எடிட்டரில் எல்லாவற்றையும் விசைகளாலேயே முடித்துவிடுவான். ‘ஜே’யைத் தட்டினால் அதில் எழுத்து விழாது, ஒரு வரி கீழே இறங்கும். அவள் மகாராணி. அவளுடைய எடிட்டரில் பொத்தான்களும் ஜன்னல்களும் குவிந்து கிடக்கும். அது திறப்பதற்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்பதால் அதற்கு யானை என்று பெயர். கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் யானை ஒவ்வொரு வரியின் ஓரத்தையும் தன் இஷ்டப்படி ஒதுக்கும். கறுப்புத் திரை அதைத் தன் இஷ்டப்படி திருப்பி ஒதுக்கும். ஒரு வரியைத் தொட்டாலும் எல்லா வரியும் மாறியதாகவே கணக்கில் விழும்.

“ரெண்டுலயும் ஒரே மாதிரி செட் பண்ணிட்டா முடிஞ்சுது” என்றாள் நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் அக்கா. பங்காளிச் சண்டையில் சமாதானம் பேச வந்தவளைப் பார்ப்பதுபோல் இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே எடிட்டர்” என்றார் முதலாளி. “ஒத்துவராதவங்க மேல்மாடிக்குப் போய்க் கணக்கு மென்பொருள் பாருங்க.”

சாமியார் மேல்மாடியை நினைத்துப் பார்த்தான். நல்ல காற்று வரும். ஆனால் அங்கே மகாராணி உட்கார்ந்திருக்கும் எதிர் மேசை கிடையாது. எழுதியது சரியாக ஓடிவிட்டால், பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் கணினியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுகிறவள் அங்கே இல்லை. யானையா கறுப்புத் திரையா என்று சண்டை போடாத நாட்களில் அவர்களுக்குள் பேச்சே இருந்ததில்லை என்பதும் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு எதைப் பற்றிப் பேசுவது என்று அவனுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவன் தன் கணினியில் யானையை இறக்கினான். கல்லூரி நாளிலிருந்து செதுக்கிச் செதுக்கி வைத்த அமைப்புகளை ஒரு ஓரமாக மூட்டை கட்டினான். யானை வெள்ளை வெளேரென்று திறந்து, அவனை வரவேற்று, இன்றைய குறிப்பு என்று எதையோ சொல்லி, கடைக்குள் நுழைந்தவனை விடாமல் துரத்தும் சிப்பந்திபோல் ஒவ்வொரு சொல்லுக்கும் நாலு சொல் எடுத்து நீட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸைப் பிடித்தான். ஒரு சின்னத் திருத்தம்தான். செய்தான், சேமித்தான், அனுப்பினான். அன்றைக்கு அக்கா விடுப்பு, சோதித்துப் பார்க்க ஆளில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே முதலாளி போனும் கையுமாக வந்தார்.

“பல் டாக்டர் கிளினிக்ல இருந்து பேசறாங்க. பலகை ‘அடுத்தவர் ஜே ஜே ஜே ஜே’ன்னு கத்துதாம். பல்லுப் பிடுங்க உள்ள போறவரு ஒவ்வொருத்தருக்கும் ஜே போட்டு அனுப்பறோமாம். யாரு பண்ணது?”

சாமியார் மவுஸை மேசை ஓரத்துக்குத் தள்ளினான். “சரி, மேல ஒரு நாற்காலி காலியா இருக்கான்னு பார்த்துட்டு வரேன்” என்று அவர் படியேறினார்.

அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தாள். “கீழ இறங்க ஜேவைத் தட்டற ஆளு இந்த ஆபீஸ்ல ஒருத்தன்தான். ஆனா உன் கறுப்புத் திரைல அது எழுத்தா விழாதேடா. எதுல எழுதின?”

“யானைலக்கா.”

எதிர் மேசையில் விசைகளின் சத்தம் நின்றது. மகாராணி தன் திரையை மெல்ல அவன் பக்கம் திருப்பினாள். கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

அக்கா இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆக, இப்பவும் ரெண்டு பேரும் வேற வேறதான். நாளைக்கும் நாலாயிரம் வரி. நல்லா இருங்க” என்று உருண்டு போய்விட்டாள்.

“நேத்து சாயந்திரத்துல இருந்து இதுக்குள்ளதான் இருக்கேன்” என்றாள் மகாராணி. “வெளிய வர வழி தெரியல. திரையை மட்டும் அணைச்சிட்டு வீட்டுக்குப் போனேன்.”

“தேடிப் பார்த்தா உடனே கிடைக்குமே. ரெண்டு மூணு விசைதான்.”

“கிடைக்கும்னு தெரியும்.”

மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் இறங்கத் தொடங்கியது. அவனுடைய திரையில் யானை, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியிலிருந்து பையை எடுத்துக் கீழே வைத்தாள். திரையைப் பார்த்தபடியே, அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“நீங்களே இங்க வந்து உட்கார்ந்து காட்டுங்களேன்.”