மேகத்தின் மேல் நாற்பது நிமிடம்

மனிதன் பிறப்பது மெத்தையில், இறப்பதும் மெத்தையில். நடுவில் வாழ்வது என்பது ஒரு மெத்தையிலிருந்து இறங்கி மறு மெத்தைக்குப் போய்ச் சேரும் நெடும்பயணம். இந்தப் பேருண்மை எங்கள் கடை வாசலில் ஆளுயரப் பலகையில் தங்க நிற எழுத்தில் இருக்கிறது. எழுதியவர் எங்கள் முதலாளி. அவர் வீட்டில் வெறுந்தரையில் போர்வை விரித்துப் படுக்கிறார். மெத்தையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்கிறதாம்.

கடையில் நாற்பத்தொரு கட்டில்கள். நான் உட்கார ஓர் இடம் கிடையாது.

"சார், ஒரு ஸ்டூல் போதும். ஓரமா போட்டுக்கறேன்" என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

"அம்மா, நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. மெத்தைக் கடைல வேலை பாக்கறவங்க அசந்து உக்காந்திருந்தா வர்றவன் என்ன நெனைப்பான்? இவ்வளவு மெத்தை இருந்தும் இந்தம்மாவுக்கே தூக்கம் பத்தலையேன்னு நெனைப்பான். வியாபாரம் படுத்துரும்."

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பெல்லாம் வலி, ஆனால் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் அல்ல. காலையில் தோளில் குடியிருக்கும். மதியம் இடுப்புக்கு வாடகைக்கு வரும். மாலையில் கால் பெருவிரலில் எதையோ மறந்து வைத்துவிட்டதுபோலத் தேடிக்கொண்டிருக்கும். தாடை மூட்டு மட்டும் அதற்குச் சொந்த வீடு; அங்கிருந்து காலி செய்வதே இல்லை. வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாமே நார்மல். அந்த நார்மல் காகிதங்களை அடுக்கினால் ஒரு தலையணை உயரம் வரும்.

"வாய் தெறக்க முடியலங்கறத அரை மணி நேரமா வாய் தெறந்து சொல்றியே" என்பார் என் வீட்டுக்காரர். அப்படிச் சொல்லிக்கொண்டே எனக்கு ஆப்பிளைக் காகிதக் கனத்தில் சீவிக்கொண்டிருப்பதும் அவர்தான்.

இந்தத் தாடையோடு மெத்தைக் கடையில் வேலை செய்வதில் ஒரு தனி ஆபத்து உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் படுத்துப் பார்ப்பார்கள். படுத்ததும் கொட்டாவி விடுவார்கள். கொட்டாவி அம்மை மாதிரி, பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும். நான் அகலமாகக் கொட்டாவி விட்டால் தாடை பூட்டிக்கொள்ளும். அதனால் கொட்டாவி வரும்போதெல்லாம் மோவாய்க்கு அடியில் முஷ்டியை முட்டுக்கொடுத்து நிற்பேன். அது ஆழ்ந்த சிந்தனையின் அடையாளம் என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார்.

தூக்கம் எனக்கு வரும், ஆனால் உள்ளே வராது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சற்று நின்றுவிட்டுத் திரும்பிவிடும். "நல்லா தூங்கினா வலி பாதியாயிடும்மா" என்றார் டாக்டர். "எப்படி டாக்டர் தூங்கறது?" என்று கேட்டேன். "வலி குறைஞ்சா தூக்கம் தானா வந்துரும்." மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் 'மேகம்' வந்தது. ஏழு அடுக்கு மெத்தை. அறிமுக விழாவுக்குக் கம்பெனியின் வட்டார மேலாளரே வந்து முன்வரிசை நாற்காலியில் அமர்ந்துவிட்டார். மெத்தையில் படுத்துக் கண்மூடிப் புன்னகைக்க வேண்டிய விளம்பரப் பெண்தான் வரவில்லை. முதலாளி கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். மெத்தை சுமக்கும் நெட்டையன் இருந்தான். கட்டிலுக்கு வெளியே அவன் கால் ஒரு முழம் நீளும். மிச்சம் நான்.

"நிக்க முடியலன்னு சொல்லிட்டே இருந்தீங்களேம்மா. வாங்க, படுங்க."

"படுக்கறேன் சார். நாளைலேர்ந்து நாற்காலி."

அவர் மேலாளரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லபடியா தூங்கறமாதிரி இருந்தாத்தான் நாற்காலி."

பற்களைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க மாட்டும் பிளாஸ்டிக் உறையைத் திரும்பி நின்று வாய்க்குள் போட்டுக்கொண்டு ஏறிப் படுத்தேன். இடது இடுப்புக்கு அடியில் ஒரு தையல் முடிச்சு. ஏழு அடுக்கைத் தாண்டியும் அது எனக்குத் தெரிந்தது. பத்து நிமிடம் நடித்தால் போதும், நாற்காலி, நாற்காலி என்று எண்ணிக்கொண்டேன்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "துயில் என்பது யாது?"

அவரே சொல்லத் தொடங்கினார். ஆதி மனிதன் கல்லில் தலை சாய்த்த காலத்திலிருந்து வந்தார். அவர் குரலுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மழைக்கு முன் வீசும் காற்றுபோல ஒரே சீராக வந்தது. 'ஆகவே', 'எனினும்', 'மேலும்' எல்லாம் பஞ்சுப்பஞ்சாக என் மேல் விழுந்தன. அவற்றில் பொருள் எதுவும் இல்லாததால் எதுவும் குத்தவில்லை.

நீண்ட தெரு ஒன்று தெரிந்தது. இருபுறமும் வீடுகள், எல்லாக் கதவுகளும் இரண்டு விரல் அகலம் மட்டும் திறந்திருந்தன. இடுக்குகள் வழியே பால் நிற வெளிச்சம் தெருவில் கோடு போட்டிருந்தது. நான் நடக்கவில்லை, தெருதான் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு பெஞ்சில் என் வலிகள் டோக்கன் வாங்கியவர்களைப்போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. தோள் வலி பெரிய குடும்பஸ்தன்போல மடியில் பையை வைத்திருந்தது. இடுப்பு வலி அதன் மேல் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தது. தாடை வலி மட்டும் எழுந்து வந்து, "நீ போயிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்று வழிவிட்டது. கதவுகள் மூன்று விரல் திறந்தன, நான்கு விரல் திறந்தன, ஓசையே இல்லை. தெருவின் கடைசியில் யாரோ ஓர் ஆப்பிளை நீட்டினார்கள். சீவாத, முழு ஆப்பிள். வாயை அகலத் திறந்து கடித்தேன். தூரத்தில் யாரோ, "எனினும்" என்றார்கள்.

"அக்கா. அக்கா, எந்திரிங்க." நெட்டையன் காதருகில் குனிந்திருந்தான். "நாப்பது நிமிஷமாச்சு. குறட்டை வேற."

"யாரு, நானா?"

"நீங்கதான் தொடங்குனீங்க. அப்புறம் அவரும்." அவன் கண்ணால் காட்டினான். வட்டார மேலாளர் நாற்காலியில் தலை தொங்கக் கிடந்தார். அவர் மேகத்தின் பக்கமே வந்தவரில்லை.

உடம்பு லேசாக இருந்தது. யாருடைய உடம்பையோ மாற்றி எடுத்து வந்துவிட்டேனோ என்று சந்தேகமாகக்கூட இருந்தது. முதலாளி மலர்ந்த முகத்தோடு மைக்கை என் வாயருகே கொண்டுவந்தார்.

"ஆறு வருஷமா தூக்கமில்லாம தவிச்ச பெண்மணி இவங்க! சொல்லுங்கம்மா, உங்களத் தூங்க வச்சது எது?"

என் வலியை அவர் நம்பியது அன்றுதான் முதல் முறை. கூட்டம் என்னைப் பார்த்தது. உண்மை நாக்கு நுனியில் இருந்தது. நாற்காலி அதற்குப் பின்னால் நின்றது. இரண்டு விரல் அகலத்தில் ஏதாவது ஒன்றுதான் வெளியே வர முடியும்.

"மேகம்" என்றேன், பல் உறையோடு, கொஞ்சம் குழறலாக. அந்தக் குழறலை எல்லாரும் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கை தட்டினார்கள். வட்டார மேலாளர் திடுக்கிட்டு விழித்து அவரும் தட்டினார். அன்று பதினொரு மேகங்கள் விற்றன.

மறுநாள் நாற்காலி வந்தது. சாய்மானத்தின் பின்னால் 'மேகத்தில் துயின்றவர்' என்று ஓர் அட்டையும் தொங்கியது. பரவாயில்லை. அட்டை முதுகுக்குப் பின்னால்தானே. நான் உட்காருவது முன்னால். வருகிறவர்கள், "நெஜமாவா?" என்பார்கள். தலையை மட்டும் ஆட்டுவேன், தாடைக்கு மிச்சம்.

முதலாளி பெருந்தன்மையோடு ஒரு மேகத்தை ஒரு வாரத்துக்கு என் வீட்டுக்கும் அனுப்பினார். தையல் முடிச்சு அதிலும் இருந்தது. மூன்று இரவு முயன்றேன், தூக்கம் பழையபடி வாசலோடு திரும்பியது. நான்காம் நாள் நெட்டையனைத் தனியே கூப்பிட்டேன்.

"சார் அன்னிக்குப் பேசினத போன்ல ரெக்கார்ட் பண்ணச் சொன்னாரே, இருக்கா?"

"இருக்கு. அதக் கேக்க ஆளில்லாமத்தான் இருக்கு. உங்களுக்கு எதுக்குக்கா?"

"அனுப்பு. காரணம் கேக்காத."

அனுப்பினான். இப்போது வாரத்தில் ஐந்து நாள் தூங்குகிறேன். தோள் வலி பாதியாகிவிட்டது, டாக்டர் தன் கைராசி என்கிறார். தாடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் காலையில் இரண்டரை விரல் திறக்கிறது.

முதலாளியின் குரல் தலைமாட்டில் ஓடாவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வீட்டுக்காரர் கூடத்தில் படுத்துக்கொள்கிறார்.