மூடாத டிஸ்க்

அப்பாவைப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் சின்னவன் ரிமோட்டை ஒளித்து வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான். சோபாவுக்கு அடியில் தள்ளலாமென்றால் அங்கே யாருடைய செருப்போ கிடந்தது. அலமாரிக்குப் பின்னால் போடலாமென்றால் அத்தை அதில் சாய்ந்து நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கடைசியில் கால்சட்டைப் பையிலேயே திணித்துக்கொண்டான். சாவு வீட்டில் மகனின் பை ஏன் புடைத்திருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு.

டிவிக்குக் கீழே கறுப்பாக உட்கார்ந்திருந்த ரெக்கார்டரை யாரும் தொடக்கூடாது. அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. அண்ணன் நேற்று ராத்திரி விமானம் ஏறிக் காலையில் வந்து இறங்கியிருந்தான். நாளைக் காலையில் திரும்பப் போகிறான். அதுவரைக்கும் ரெக்கார்டர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், உள்ளே அம்மா பத்திரமாக இருப்பாள்.

அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ரெக்கார்டருக்குள் அவள் எப்படிப் போனாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். தெருவில் மட்டும் டைரக்டர். லீவு நாளென்றால் டேப் கேமராவைத் தோளில் ஏற்றிவிடுவார். ஒரு பிறந்தநாளில் கேக் வெட்டுவதை அவர் திருப்தியாக எடுத்து முடிப்பதற்குள் குழந்தைக்கு அடுத்த வயது வந்துவிட்டது என்று மேல்மாடிக்காரர் சொல்லித் திரிவார். அது அநியாயமான மிகை. கேக்தான் கெட்டுப்போனது. அப்பா எடுத்த படங்களில் கதை கிடையாது. எல்லாரும் எங்கிருந்தாவது நடந்து வருவார்கள், அவ்வளவுதான். காலமெல்லாம் மேலேயும் கீழேயும் போகிறவர்களையே பார்த்த மனிதர். பக்கவாட்டில் போகிறவர்களைப் பார்க்க அவருக்கு ஆசை இருந்திருக்கும். அதிகம் நடந்தது அம்மாதான். சமையலறையிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து சமையலறைக்கு, முணுமுணுத்துக்கொண்டே. அவள் நடையும் குரலும் அப்பா எடுத்துச் சேர்த்த ஒரு சாக்கு டேப்பைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை.

சின்னவனுக்கு டிவி கடையில் வேலை. ஹெச்.டி. டிஸ்க் புதிதாக வந்தபோது வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இது வந்தால் டேப் போய்விடுமா? அதற்கு மேனேஜர் ஒரு பதிலை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். "இன்னும் அஞ்சு வருஷத்துல டேப்னு ஒண்ணு உலகத்துலயே இருக்காது சார்." சின்னவன் அதைத் தூக்கத்திலும் சொன்னான். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோதும் அதுதான் வந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இதே வழக்குதான் நடந்தது. டேப் அறுந்தால் ஒட்டலாம், தட்டு உடைந்தால் எதை ஒட்டுவாய் என்பார் அப்பா. டிஸ்க் என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. தட்டுதான். டேப்பில் பூஞ்சை பிடிக்குதே என்பான் சின்னவன். உனக்கும்தான் பிடிக்கும், அதுக்காகத் தூக்கியா போட்டுடுவேன் என்பார் அவர். வருஷக்கணக்கில் இழுத்த வழக்கில், ஒரு நாள் டேப் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் முகத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. அன்றைக்கு அப்பா தோற்றார்.

கடையில் அப்போது ஒரு திட்டம் இருந்தது. பழைய கேமரா, டேப், பிளேயர் எல்லாவற்றையும் கொடுத்தால் புது ரெக்கார்டர். ஊழியர்களுக்கு ஒரு சலுகை, புதுசை முதலில் எடுத்துக்கொண்டு பழசைப் பிறகு கொடுக்கலாம். அப்பாவும் மகனும் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து டேப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் ஏற்றினார்கள். ஏற்றி முடித்த கையோடு சின்னவன் சாக்கைக் கொண்டுபோய்க் கடையில் கொட்டிவிட்டான். டேப்பெல்லாம் பரணில் இருக்கட்டும், ஒரு நாள் வந்து நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணன் ஃபோனில் சொல்லியிருந்தான். பெரியவன்கிட்ட நானே பக்குவமாச் சொல்றேன் என்று அப்பா ஏற்றுக்கொண்டார். அவர் பக்குவம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரெக்கார்டரில் பதிந்த டிஸ்க்கை மூட வேண்டும். மூடுவதென்றால் மூடி போடுவதல்ல. ஒரு பொத்தானை அமுக்கினால் இயந்திரமே கொஞ்ச நேரம் முனகிவிட்டு மூடிக்கொடுக்கும். மூடிய பிறகுதான் அது மற்ற இயந்திரங்களில் ஓடும், நகல் எடுக்க முடியும். மூடாதவரை பதிந்த இயந்திரத்தைத் தவிர வேறு எதற்கும் அது வெறும் தட்டு.

மூட வேண்டிய ஞாயிற்றுக்கிழமைதான் ரெக்கார்டர் திக்க ஆரம்பித்தது. ஓடும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஓடும். லிஃப்ட் மோட்டாருக்கு வைப்பது போல அப்பா அதன்மேல் காதை வைத்துக் கேட்டார்.

"மூடறப்போ இது நடுவுல நின்னுடும்டா," என்றார். "ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்ன மாதிரி. அப்புறம் உள்ள இருக்கறவளை யார் வெளிய எடுக்கறது?"

பழுது பார்க்கலாமென்று சின்னவன் விசாரித்தான். அந்த மாடலைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். கடையிலும் ஹெச்.டி. டிஸ்க் அலமாரி மெல்ல மெல்ல நகர்ந்து கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. எல்லாரும் ஃபோனிலேயே எடுத்து ஃபோனிலேயே பார்த்தார்கள். டேப் போய்விடுமா என்று கேட்க இப்போது ஆளே வருவதில்லை. மனப்பாடம் செய்த பதிலை வைத்துக்கொண்டு சின்னவன் வாஷிங் மெஷின் பிரிவில் நின்றான்.

நேற்று மாலை, வீட்டுக் கட்டிலில், அப்பா கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு சொல். "மூடாதே."

அதற்கு ஆளுக்கொரு உரை எழுதினார்கள். அத்தை ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். மேல்மாடிக்காரர் வாசற்கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார். உயிர் போன பிறகு கண்ணை மூடலாமா கூடாதா என்று அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்து, ஒன்றை மூடிவிட்டு ஒன்றை விட்டுவிடலாம் என்ற அளவுக்குப் போய், பிறகு டாக்டர் வந்து இரண்டையும் மூடினார். காலையில் அண்ணன் வந்து இறங்கியதும் அத்தை முதலில் சொன்னதே இதைத்தான்: "மூடாதேன்னுட்டுப் போயிட்டாருடா. எதைன்னுதான் தெரியல." சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது பெட்டிக்குள் அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்யாமல் படுத்திருந்தார். மேல்மாடிக்காரர் இறங்கி வந்தார். அவர் உடம்புக்கு இரண்டு படிக்கட்டு வேண்டும். அழுதுகொண்டே சின்னவனைப் புடைத்த பையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு இறுக்கு இறுக்கினார்.

கூடத்தில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். டிவிக்குக் கீழே ரெக்கார்டர் மெல்ல வாயைத் திறந்து, டிஸ்க்கை நாக்குப் போல வெளியே நீட்டியது.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மேல்மாடிக்காரர் சின்னவனை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் போனார். அண்ணன் குனிந்து பார்த்தான். டிஸ்க்கின் மேல் அப்பாவின் கோணல் எழுத்தில் அம்மாவின் பெயர் இருந்தது.

"எல்லா டேப்பும் இதுலயா?" என்று கேட்டான்.

சின்னவன் தலையசைத்தான். அண்ணன் டிஸ்க்கை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, முகம் பார்க்கிற மாதிரி பார்த்தான். அம்மா போனபோது அவனுக்கு விமானம் கிடைக்கவில்லை. வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி அவன் இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுடா."

அனுப்பி வைக்கிறேன் என்றான் சின்னவன். இன்றைக்கே வேண்டும் என்றான் அண்ணன். இன்றைக்கு எப்படி, இந்த நேரத்தில், என்று இவன் இழுத்தான். அதற்குள் வண்டி வந்துவிட்டது. சந்து குறுகல், பின்பக்கமாக உள்ளே விட வேண்டும், யாராவது வந்து கை காட்டுங்கள் என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார். சின்னவன் போனான். போகும்போது பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ரிமோட் இருந்தது.

ரெக்கார்டரின் முகத்திலேயே பொத்தான்கள் இருப்பதை, வாழ்நாள் முழுக்க ரெக்கார்டர் விற்றவன் மறந்துபோனான்.

அவன் வண்டியைச் சுவரில் உரசாமல் உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அண்ணன் டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்திருக்கிறான். காலி டிஸ்க் என்று அது சொல்லியிருக்கிறது. பதறிப்போய் மறுபடி ரெக்கார்டரில் போட்டிருக்கிறான். இந்த டிஸ்க் இன்னும் மூடப்படவில்லை, மூடட்டுமா என்று அது மரியாதையாகக் கேட்டிருக்கிறது. படித்தவன், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன், ஆம் என்று அமுக்கிவிட்டான்.

சின்னவன் உள்ளே வந்தபோது டிவியில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே."

"மூடலையாம்டா. அதான் படிக்க மாட்டேங்குது. நான் மூடச் சொல்லிட்டேன்."

"அப்பா சொன்னது இதைத்தான்."

அண்ணன் திரும்பினான். அத்தை கையிலிருந்த கைக்குட்டையை மடியில் வைத்தாள். நேற்று மாலையிலிருந்து திறந்து கிடந்த ஜன்னலை ஒருமுறை பார்த்தாள்.

"நிறுத்திடலாமா?" என்றான் அண்ணன்.

"இப்ப நிறுத்தினா உள்ளது எல்லாமே போயிடும். தன்னால முடியணும்."

ஆகவே எல்லாரும் நின்றார்கள். அப்பா பெட்டியில் காத்திருக்க, பெட்டி வண்டிக்குக் காத்திருக்க, வண்டி நீலக் கோட்டுக்குக் காத்திருந்தது. துக்கத்துக்கு வந்த ஊர்ஜனம் மொத்தமும் செத்தவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிவியைப் பார்த்தது. டைரக்டரின் படத்துக்கு அவ்வளவு கூட்டம் அதுவரை கூடியதில்லை. கோடு பாதியைத் தாண்டியது. இயந்திரம் திக்கியது. கோடு நின்றது. மேல்மாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவர் விடுவதற்குள் கோடு ஒரு நகக்கண் அளவு நகர்ந்தது. மறுபடி நின்றது.

ஓட்டுநர் வாசலில் வந்து, இதற்கப்புறம் இன்னொரு வீடு இருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்று பார்த்தார்.

ரெக்கார்டருக்குள் ஏதோ ஒன்று இரண்டு முறை தட்டியது, உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல. பிறகு கோடு மறைந்து, டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று எழுத்து வந்தது. கீழே ஓர் ஒற்றைப் பொத்தான்: சரி.

சின்னவன் மண்டியிட்டு டிஸ்க்கை வெளியே எடுத்து மறுபடி போட்டான். எடுத்துத் துடைத்துப் போட்டான். ரெக்கார்டரையே அணைத்து, கொஞ்சம் விட்டு, போட்டான். அதே எழுத்து. அண்ணனோடு வந்திருந்த அண்ணி அவன் முதுகைத் தொட்டு, நேரமாகிறது என்றாள்.

"சரி விடு," என்றான் அண்ணன். அவன் குரல் சமாதானமாகத்தான் இருந்தது. "தட்டு போனாப் போகட்டும். டேப் இருக்குல்ல?"

கூடத்தில் எல்லாரும் சின்னவனைப் பார்த்தார்கள்.

"இருக்கு," என்றான்.

பெட்டியைத் தூக்கினார்கள். தலைப்பக்கம் அண்ணன், கால்பக்கம் சின்னவன். நடுவில் பிடித்த மேல்மாடிக்காரரால் பாதிப் பாரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வண்டியின் பின்பக்கம் இரண்டு பெஞ்சுகள் எதிரெதிரே இருந்தன. நடுவில் அப்பா. அண்ணனும் தம்பியும் மட்டும் ஏறினார்கள். மற்றவர்கள் வேறு வண்டிகளில் வந்தார்கள். ஓட்டுநருக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி ஜன்னல். இன்னொரு வீடு காத்திருந்ததால் வண்டி விரட்டிக்கொண்டு போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டி சின்னவன் முழங்காலில் வந்து இடித்தது. அவன் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

"மத்தியானம் அப்பாவோட கோட்டு எடுக்கப் பரண்ல ஏறினேன்," என்றான் அண்ணன்.

சின்னவன் பெட்டியின் திருகாணியைப் பார்த்தான்.

"ஒரு உடைஞ்ச ஃபேன்தான் இருந்துச்சு. வேற எங்கயாவது வெச்சிருப்பேன்னு நெனச்சேன்."

இரண்டு சிக்னல்கள் போயின. கடைகள் போயின. யாரோ ஒருத்தர் சாலையோரம் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"நாம வாசலைத் தாண்டறப்போ எல்லாம் அம்மா ஒண்ணு சொல்வாங்களே," என்றான் அண்ணன். "வார்த்தை ஞாபகம் இருக்கு. சத்தம்தான் வர மாட்டேங்குது. எப்படிடா சொல்வாங்க?"

சின்னவன் தொண்டையைச் செருமினான். "மெதுவாப் போ. ஓடாதே. யாரும் உன்னைத் துரத்தல."

"அவ்வளவு அழுத்த மாட்டாங்க."

"மெதுவாப் போ. ஓடாதே."

"இல்லடா. இது ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கு." அண்ணன் தானே முயன்றான். அது இன்னும் மோசமாக, போலீஸ்காரர் மாதிரி வந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கொஞ்ச தூரம் போன பிறகு சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வருகிறவளின் அவசரத்தில், பாதி கோபத்தில், தலையைத் திருப்பாமல் சொன்னான்.

"மெதுவாப் போ. ஓடாதே. யாரும் உன்னைத் துரத்தல."

கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓட்டுநர், "சரிங்கம்மா," என்று சொல்லிவிட்டு, வேகத்தைக் குறைத்தார்.