தெய்வநாயகி முதுகில் ஏறிய மூன்று பைகள்

கந்தவேல் செத்த மூன்றாம் நாள், அவனுடைய சேலை மூட்டை மூலையிலிருந்து தானாக எழுந்து வந்து வாசற்படியில் நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு, மாசி மாதம். இளம்பிள்ளையில் அதைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த வாரம் நூல் விலை ஏறியிருந்தது, ஊருக்குப் பேச அதுவே போதுமானதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பட்டே பழகிய மூட்டை புறப்பட நிற்கிறது, இதில் என்ன அதிசயம் என்று பக்கத்து வீட்டு மயிலம்மாள் வாசலுக்குச் சாணி தெளித்துவிட்டுப் போனாள். மூட்டை மட்டும் வெயில் ஏற ஏற ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாராவது முதுகைக் கொடுங்களேன் என்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அந்த ஊரில் தறி போட்டிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழி உண்டு. நெய்த சேலைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டு ஆண் இன்னின்ன ஊருக்குப் போவான், அந்த ஊர்களில் வேறு வீட்டுக்காரன் மூட்டையை இறக்கக் கூடாது. கந்தவேலுக்கு வாய்த்தது ராசிபுரம், நாமக்கல், எருமப்பட்டி வழி. போனதற்கு அடையாளமாக, வழியின் கடைசி வீட்டில் கொடுக்கிற குத்திய கம்பைப் பையில் வாங்கி வரவேண்டும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது ஊர்ப் பெரியதனக்காரர் ஒவ்வொரு பெயராக, இன்னார் வழி, இன்னார் வழி என்று கூவுவார், அந்த வீட்டுக் கம்பு பானையில் விழும். ஓர் ஆடி தவறினால் வழி பங்காளிக்குப் போய்விடும். வழி போனால் அப்புறம் அந்த வீட்டுத் தறியில் பங்காளி சொல்வதுதான் நெசவு, பங்காளி கொடுப்பதுதான் கூலி. கந்தவேலின் பங்காளி மருதாசலம் ஏற்கெனவே ஓமலூர் வழியைக் கையில் வைத்திருந்தவன். தம்பி முறைக்காரன் செத்த துக்கத்தில் காரியம் முடிகிற வரைக்கும் அழுதான், மறுநாள் எருமப்பட்டிக்கு எத்தனை மைல் என்று விசாரித்தான்.

கந்தவேலின் பெண்டாட்டி தெய்வநாயகிக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். இடுப்பில் வசந்தாமணி என்று ஒரு பெண் குழந்தை. கந்தவேல் நல்லவன்தான், சும்மா சொல்லக் கூடாது, குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் கல்யாணமான நாள் முதலாக அவள் நெய்தாள், அவன் நடந்தான். அவள் நெய்த சேலை எருமப்பட்டியில் எந்தப் பெண் உடம்பில் எப்படி இருக்கிறதென்று ஒரு நாளும் அவள் கண்டதில்லை. வழி கைவிட்டுப் போனால் தன் தறியிலேயே தான் கூலிக்காரி, தனக்குப் பின்னால் வசந்தாமணியும் கூலிக்காரி என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஊர் கூடியபோது எழுந்து நின்று, வழியைத் தானே நடப்பதாகச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. பெரியதனக்காரர் சரவணமுத்து மட்டும் சிரிக்காமல், இரக்கப்படுகிற குரலில், "வழி முதுகுக்குச் சேர்ந்தது அம்மிணி. உங்க ஊட்டுல இப்ப முதுகு இல்லியே" என்றார்.

"ஏனுங்க, எனக்குப் பின்னால இருக்கறது என்னங்க, செவுருங்களா?" என்றாள் தெய்வநாயகி.

பெண் போகக் கூடாது என்று யாரும் விதி வைத்திருக்கவில்லை. எந்தப் பெண்ணாவது கேட்பாள் என்று தோன்றியிருந்தால் அல்லவா வைப்பார்கள்? கடைசியில் மூட்டையையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. யார் முதுகில் அது ஒழுங்காக உட்காருகிறதோ அவர் நடக்கட்டும். மருதாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து குனிந்தான். மூட்டை ஏறியது. ஏறிய மாத்திரத்தில் அவன் கணுக்கால் வரை மண்ணுக்குள் போனான், அடுத்த அடிக்கு முழங்கால் வரை. நாலு பேர் சேர்ந்து கிழங்கைப் பிடுங்குவதுபோலப் பிடுங்கி எடுத்தார்கள். மழை ஈரத்தில் தரை இளகிக் கிடக்கிறது என்றான் அவன். மழை கார்த்திகையோடு போயிருந்தது. தெய்வநாயகி குழந்தையை மயிலம்மாளிடம் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பினாள். மூட்டை தாவி ஏறிக்கொண்டது, அவள் கால் மண்ணில் ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவளும் நினைத்தாள். ராசிபுரம் போவதற்குள் தெரிந்துவிட்டது. ஒரு கையால் முடிச்சைப் பிடித்துத் தோளுக்கு மேலே இழுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நடக்கவேண்டிய மூட்டை அது. நிமிரப் பார்த்தால் கழுத்தை அழுத்தியது. கந்தவேல் புகையிலை போட நிற்கிற புளியமரத்தடியில் எல்லாம் நின்றது, நின்றால் அரை நாள் அசையவில்லை. அவன் எப்போதோ சண்டை பிடித்த வீட்டு வாசலை ஓட்டமாய்க் கடந்தது, அந்த வீட்டுப் பெண்கள் சேலை பார்க்கவேண்டும் என்று பின்னாலேயே ஓடி வந்தும் பிரயோஜனம் இல்லை. முடிச்சு அவள் விரலுக்கு அவிழவில்லை. கந்தவேலுக்குப் பிடித்த அரக்குச் சேலைகளை மட்டும் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாய் வெளியே தள்ளியது. அவள் ஆசை ஆசையாய் நெய்த மயில்கழுத்து நிறச் சேலை அடியிலேயே கிடந்தது. எல்லாவற்றையும்விட எரிச்சல், வழியெங்கும் ஜனங்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்த்து, வாங்க கந்தவேலு, சௌக்கியமா, என்று மூட்டையிடம் விசாரித்ததுதான். எருமப்பட்டியில் கடைசி வீடு சௌந்திரத்துடையது. காடு தோட்டமுள்ள குடியானவப் பெண். அவள் ஒருத்திதான் மூட்டையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து முகத்தைப் பார்த்தாள். "கம்பு தாரேன் அம்மிணி. ஆனா இதுல நீ எங்க சாமி இருக்கற? மூட்டதான் வருது" என்றாள். தெய்வநாயகிக்கு அங்கேயே அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை.

அந்த ஆடியில் சரவணமுத்து "கந்தவேல் வழி" என்று கூவினார், கம்பு பானையில் விழுந்தது, ஊருக்குத் திருப்தி. செத்தும் நடக்கிறான் பார், என்னா பொறுப்பு என்று பேசிக்கொண்டார்கள். நடந்த கால் யாருடையது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செத்தவன் பெயர் ஓர் ஆடிக்குத்தான் செல்லும், அடுத்த ஆடிக்கு உயிரோடிருக்கிற பெயர் ஒன்று வேண்டும் என்று பெரியதனக்காரர் நினைவுபடுத்தினார். மருதாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

தை பிறந்ததும் அவன் ஒரு தோல் பையோடு வந்தான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மண்டிக்காரர் கொடுத்தனுப்பியது. பித்தளைக் கொக்கி, ஒற்றை வார், புதுச் செருப்பு வாசனை. அதில் அம்மிக்கல்லைப் போட்டாலும் கனம் தெரியாது. "சொமையே இல்லாத பொழப்பு அம்மிணி. வழி எம் பேர்ல இருக்கட்டும், சரக்கு மண்டிக்காரரது, நீ சும்மா போயிட்டு வா" என்றான். மூட்டை அழுத்திய கழுத்து அவளுக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது, ஒரு தரம் மாட்டித்தான் பார்ப்போமே என்று மாட்டினாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் கால் தரையை விட்டது. சரக்கின் கனத்தோடு அவள் கனத்தையும் சேர்த்தே அந்தப் பை தின்றிருந்தது. பனைமர உயரத்தில் ராசிபுரத்தைக் கடந்தாள். கீழே களத்தில் நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்து, இறங்கி வாங்க, சீலை பாக்கோணும் என்று கூப்பிட்டார்கள், எங்கே இறங்குவது? நாமக்கல் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, எருமப்பட்டிப் பக்கமே திரும்பாமல், பொழுது சாயும் நேரத்துக்குப் பை அவளைச் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் மண்டிக்காரர் வாசலில் கொண்டுபோய் இறக்கியது. கணக்குப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வந்தாச்சா" என்றார். தினமும் அப்படிச் சிலர் வந்து இறங்குவார்கள்போல. தெய்வநாயகி பையைக் கழற்றி அவர் வாசல் தூணிலேயே கட்டிவிட்டு, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, ஊருக்கு நடந்து வந்தாள். கால் மண்ணில் படுவது அத்தனை சுகமாக இருந்தது.

ஆனியில் ஊர் மறுபடி கூடியது. புருஷன் மூட்டையா, மண்டிக்காரர் பையா, இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடு என்றார் சரவணமுத்து. மூட்டை என்றால் வழி செத்தவனோடு முடிந்து பங்காளிக்குப் போகும். தோல் பை என்றால் அப்போதே மருதாசலத்துக்கு. எப்படிச் சுற்றினாலும் அவளிடம் வராது. பெரியவர்கள் அந்த விஷயத்தில் படுகெட்டிக்காரர்கள்.

"ரெண்டும் வேண்டாமுங்க. எம் பைய நானே தெச்சுக்கறேன்."

"பொம்பள தெச்ச பைக்கு எந்த வழி ஒத்துக்கும்?" என்று மருதாசலம் எகிறினான்.

"ஒத்துக்கலீனா அது எம்பாடுங்க. உங்களாட்ட முழங்கால் வரைக்கும் உள்ள போகமாட்டேன், பயப்படாதீங்க மாமா" என்றாள். பெண்கள் நின்ற பக்கமிருந்து வந்த சிரிப்பை அடக்கப் பெரியதனக்காரர் கையைத் தட்டவேண்டியிருந்தது.

அவள் தன் தறியிலேயே கெட்டியாக ஒரு துணி நெய்தாள். பை எப்படி இருக்கவேண்டும் என்பதைத் தன் முதுகிடமே கேட்டுக்கொண்டாள். வசந்தாமணியை முதுகில் வைத்து, துண்டை இரண்டு தோளுக்கும் மேலாகக் கொண்டுவந்து நெஞ்சில் முடிந்து, கைக்கு ஒரு குடமாகத் தண்ணீர் சுமந்த முதுகு அது. ஒற்றைத் தோளில் இழுபட அதற்கு இஷ்டமில்லை. அப்படியானால் இரண்டு வார் வேண்டும், வாருக்கு அறாத துணி வேண்டும். அப்படி ஒரு துணியைத் தேடி அவள் திரும்பியபோது மூட்டை வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் நகர்ந்து மறித்தது. தெய்வநாயகி அதன் முன்னால் உட்கார்ந்தாள். "ஏனுங்க, உங்களுக்கு நான் என்ன கொறை வெச்சேன்? நீங்க நடந்தப்ப நான் மறிச்சனா? இப்ப நான் நடக்கோணும். எம்மேல உக்காந்து ஓட்ட வேண்டாம், புடிச்சுக்கிட்டு வாங்க, போதும்" என்றாள். மூட்டை அசையவில்லை. அவள் குனிந்து முடிச்சில் பல்லை வைத்து இழுத்தாள். அவிழாத முடிச்சு அவிழ்ந்தது, வீடு முழுக்கப் புகையிலை வாசனை அடித்தது, அடியில் கிடந்த மயில்கழுத்துச் சேலை வெளியே வந்தது. அவன்மேல் இருந்த பிரியமெல்லாம் அப்போதுதான் அவளுக்குப் பொங்கி வந்தது, ஆசைதீர அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, கத்தரியை எடுத்து அந்த மூட்டைத் துணியை நீளவாக்கில் வெட்டி இரண்டு வாராகத் தைத்தாள்.

அந்தப் பைக்கு ஒரு விசேஷமும் இல்லை. பத்துச் சேலை வைத்தால் பத்துச் சேலை கனம். ராசிபுரம் தாண்டுவதற்குள் தோள் கன்றிவிட்டது, நாமக்கல்லில் குதிகால் வெடித்தது. வண்டிக்காரர்கள் அந்த இரட்டை வாரைப் பார்த்துவிட்டு, ஏனம்மிணி, பாப்பா எறங்கி ஓடிப்போயிருச்சா என்று கேலி செய்தார்கள். "பாப்பா ஊட்டுல இருக்குது, பாப்பாவுக்குச் சோறு முதுகுல இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். தலை நிமிர்ந்திருந்தது, கை இரண்டும் வீசி நடக்க இருந்தது, தனக்குத் தோன்றிய இடத்தில் நின்றாள். கந்தவேல் சண்டை பிடித்த வீட்டில் மோர் வாங்கிக் குடித்தாள். மயில்கழுத்துச் சேலையை அந்த வீட்டுப் பெண் கட்டிப் பார்த்து, அவிழ்க்க மனசில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டாள். ஜனங்கள் பழக்கதோஷத்தில் முதுகைப் பார்த்து வாங்க என்று ஆரம்பித்து, அங்கே வெறும் பை இருக்கவும், ஆளைத் தேடி முன்னால் வந்தார்கள். எருமப்பட்டியில் சௌந்திரம் படியை நிறைத்துக் கம்பைக் கொட்டினாள். "நேத்து உங்க பங்காளி வண்டி கட்டிக்கிட்டு வந்து கம்பு கேட்டாரு. முதுகுல என்ன கொண்டாந்தீங்கன்னேன், போயிட்டாரு" என்றாள். பிறகு தெய்வநாயகியின் முகத்தைப் பார்த்து, "இப்பத்தான் ஆளு தெரியுது சாமி" என்றாள்.

ஆடியில் மாரியம்மன் கோயில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மற்ற வழிகளையெல்லாம் கூவி முடித்து, தெய்வநாயகி முறை வந்தபோது சரவணமுத்து மருதாசலத்தை ஒரு பார்வை பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு "மருதாசலம் வழி" என்று கூவினார். அவள் பையைக் கவிழ்த்தாள். கம்பு இறங்கியது, பானைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் நின்றுவிட்டது. ஆவிக்கு நடுவில், ஒரு மணி சிதறாமல், அந்தரத்தில் நின்றது. பெரியதனக்காரர் குரலைச் சரிசெய்துகொண்டு "கந்தவேல் வழி" என்றார். நின்றது நின்றபடி இருந்தது. மருதாசலம் கரண்டியால் தட்டிப் பார்த்தான், கரண்டி வளைந்தது. குருவிகள் வந்து ஓரத்தில் கொத்த ஆரம்பித்தன. ஒரு வழி குறைந்தாலும் கூழை இறக்கக் கூடாது என்பதால், சட்டி ஏந்தி வந்த ஜனம் வெயிலில் நின்றது, குழந்தைகள் பசியில் கத்தின. அந்தப் பேரைச் சொல்லித் தொலைங்களேன் என்று முதலில் சத்தம் போட்டது மயிலம்மாள், அப்புறம் எல்லாப் பெண்களும். தெய்வநாயகி காலிப் பையை மாட்டிக்கொண்டு, கட்டைவிரல்களை இரண்டு வாரிலும் கொடுத்து, நிமிர்ந்து நின்றாள். தேவைப்பட்டால் அடுத்த ஆடி வரைக்கும் நிற்பாள்போலத் தெரிந்தது. பொழுது மேற்கே சாய்ந்த பிறகு சரவணமுத்து, மீசைக்குள்ளேயே, "தெய்வநாயகி வழி" என்றார். ஒரு பிடி கம்பு விழுந்தது. மீதி நின்றது.

"கேக்கலீங்க" என்றாள் அவள். "கந்தவேல்னு கூவறப்ப ஓமலூர் வரைக்கும் கேட்டுச்சுங்களே."

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கூவினார். மொத்தமும் விழுந்தது.

அன்றைக்கு அவளுடையதான வழி, யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் பாதித் தறி நின்றுபோனபோதும் அவளுடையதாகவே இருந்தது. அதற்குள் இரட்டை வார்ப் பையோடு நடக்கிற பெண்கள் ஊரில் நாலைந்து பேர் ஆகியிருந்தார்கள், மருதாசலத்தின் மருமகள் அதில் ஒருத்தி. செவ்வாய்ப்பேட்டைத் தூணில் கட்டிய தோல் பை வெகுகாலம் அந்தச் சந்தில் மிதந்துகொண்டு கிடந்தது, மூட்டை தூக்கிப் போகிறவர்கள் அதைக் கையால் விலக்கிவிட்டுப் போவார்கள். கம்பு அந்தரத்தில் நின்றதை இளம்பிள்ளையில் யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. பானை அத்தனை நேரம் அடுப்பில் கிடந்ததால் அந்த வருஷத்துக் கூழ் அடிப்பிடித்துவிட்டது என்று மட்டும் குறை சொல்வார்கள். ஒரு சொல்லுக்கு எதற்கு அத்தனை நேரம் என்று கூடவே சரவணமுத்துவையும் திட்டுவார்கள்.