தொட்டிக்கு மேல் ரோலர்

ஊர்க்கோடியில் ரயில் நின்றுபோன யார்டு. வருஷக்கணக்காக முள்ளும் குப்பையுமாகக் கிடந்த அந்த இடத்தைப் பூங்காவாக்கப் போகிறார்கள். அங்கே அண்ணன் ரோலர் ஓட்டுகிறான். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் கருவியைத் தள்ளிக்கொண்டு நான் இன்ஜினியர் பின்னால் அலைகிறேன்.

ரோலர் இரைச்சலில் அண்ணனுக்குக் காது மந்தம். பாதிப் பேச்சு கையால்தான். வீட்டிலும் அப்படியே. அண்ணி சாப்பாடு போடும்போது முஷ்டியை மூடிக் காட்டுவான். "இது வீடா, சைட்டா? வாயத் திறந்து போதும்னு சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று அவள் திட்டாத நாளில்லை.

அன்று மதியம் பழைய இன்ஜின் ஷெட் பக்கம் போனபோது கருவியின் திரை கறுத்தது. இன்ஜினியரின் முகமும் கறுத்தது.

"கீழ பெரிய தொட்டிம்மா. அந்தக் காலத்து இன்ஜினுக்குத் தண்ணி தேக்கினது. மேல பலகைக்கல்லு, அதுக்கு மேல கொஞ்சூண்டு மண்ணு. அவ்ளோதான்."

நாங்கள் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தோம். எனக்குக் கால் கூசியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தோம்.

நகர்ந்து நிமிர்ந்தால், எதிர்ப்பக்கமிருந்து அண்ணனின் ரோலர் நேராகத் தொட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது. மண்ணை இறுக்க ரோலரின் அதிர்வு வேறு போட்டிருந்தான். என் பல் வரைக்கும் கிடுகிடுத்தது.

"அண்ணா! நிறுத்து!"

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வீசினேன். அவன் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினான்.

இவனுக்கு என்ன கிறுக்கா? அப்புறம்தான் உறைத்தது. ரோலர்காரர்களிடம் இரண்டு கையையும் வீசினால், வழி காலி, தாராளமா வா என்று அர்த்தம். கூடப்பிறந்தவனை நானே குழிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையை இறக்குடி பாவி என்று என்னையே வைதேன். பயத்தில் கை இறங்கவில்லை.

எப்படியோ ஒரு கையை இறக்கி, மற்றதை முஷ்டியாக மூடி நீட்டினேன். ரோலர் நின்றது. அவன் முகம் சுளித்து என்னைப் பார்த்தான். எங்கள் நடுவே மண்ணில் ஒரு விரிசல் ஓடியது. அடுத்த நொடி தரை உள்ளே போய்விட்டது. கிளம்பிய புழுதியில் அவனைக் காணோம். போய்விட்டான் என்றே நினைத்தேன்.

புழுதி அடங்கியபோது ரோலர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பின்வாங்கி நின்றது. சுற்றிக்கொண்டு ஓடிப்போய், எல்லோரும் பார்க்க அழுதபடி அவன் முதுகில் அடித்தேன். ஒன்று கொடுத்தால் இரண்டாகத் திருப்புகிறவன், பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கறுப்புத் தண்ணீர் இன்னும் அலம்பிக்கொண்டிருந்தது.

"காலைல இது மேல ஒரு ரவுண்டு போனேன்" என்றான். "அதிர்வு போடல. மெதுவாத்தான்."

"விடுண்ணா. அதான் ஒண்ணும் ஆகலையே."

"என் பொண்ண மடியில வெச்சிருந்தேன்டி. ஸ்கூல்ல விடப் போற வழியில, ஒரே ஒரு ரவுண்டுப்பான்னு கெஞ்சினா."

போதும் என்று நான் முஷ்டியை மூடிக் காட்டினேன்.