சொல்லக் கூடாததைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

போன ஆட்டத்தில் எங்கள் ஊர் அணி ஜெயித்திருந்தால், அடுத்த ஆட்டத்துக்கும் என் தாத்தா எலாடியோ அதே கால்சட்டையைத்தான் போடுவார். துவைக்கவும் விடமாட்டார். அதிர்ஷ்டம் சோப்புத் தண்ணீரோடு போய்விடுமாம். என் அம்மா மிலாக்ரோஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் திட்டுவாள். கூடவே என்னையும் திட்டுவாள், ஏனென்றால் நானும் போன வாரச் சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு நிற்பேன். எங்கள் ஊரான சான் பெத்ரோவில் பிறந்துவிட்டு இதையெல்லாம் நம்பாதவர் யார், காட்டுங்கள் பார்ப்போம்.

என் அண்ணன்கள் இருவருக்கும் பேஸ்பால் என்றாலே கொட்டாவி வரும். அதனால் தாத்தா என்னைத் தூக்கிக்கொண்டு போனார். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்தேன், வளர்ந்த பிறகு அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில். ஒரே ஒருமுறை இடம் மாறி உட்கார்ந்தோம், தோற்றோம், அத்தோடு சரி. வீட்டில் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மைதானத்தில் உட்கார்ந்துவிட்டால் எங்கள் வாயை மூட ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தலைநகர அணி வந்திருந்தது. எங்கள் பக்கம் பந்து எறிய வந்தவன் ஹெர்மின். சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவன். தாத்தா அந்த ஆலையில் வேலை பார்த்த காலத்தில், எலுமிச்சங்காயை எறிந்தே ஆலை வாசல் விளக்கை உடைத்த பயல். அன்று அவன் கைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. நான்காவது சுற்று முடிந்தது, ஐந்தாவதும் முடிந்தது, எதிரணியில் ஒருவனால்கூடப் பந்தை அடித்து முதல் தளம் போய்ச் சேர்ந்து ஒரு ஹிட் எடுக்க முடியவில்லை. வந்தவன் எல்லாம் மட்டையை வீசிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான்.

ஒன்பது சுற்றும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் எறிந்து முடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தாத்தா அறுபது வருஷமாக ஆட்டம் பார்க்கிறவர், நேரில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது எங்கள் ஊரில் இரண்டு காரியம் ஆகாது. அதை வாயால் சொல்லக் கூடாது, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவும் கூடாது. மீறினால் அடுத்த பந்திலேயே ஹிட் விழுந்துவிடும். ஆறாவது சுற்றில் எங்கள் வரிசையே பேச்சை நிறுத்தியது. முன்னால் உட்கார்ந்து முரசடிக்கிற நெரெய்தா அக்கா முரசை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். பீர் குடித்த ஆண்கள் காலை இறுக்கிக்கொண்டு நெளிந்தார்களே தவிர, கழிப்பறைப் பக்கம் ஒருவனும் போகவில்லை.

அப்போதுதான் தாத்தா தன் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

"என்ன தாத்தா?"

"ஒண்ணுமில்ல. ஆட்டத்தப் பாரு."

போன வருஷம் நெஞ்சு வலி இப்படித் தோளில் ஆரம்பித்துத்தான் அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது. இன்னொரு தடவை வந்தால் நாக்கடியில் மாத்திரையை வைத்துவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடிவரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"மாத்திரை எங்க?"

அவர் பையைத் தடவினார். அந்தப் பக்கப் பையையும் தடவினார். அம்மா காலையில், துவைத்த வேறொரு கால்சட்டையின் பையில் மாத்திரையைப் போட்டு, அதைக் கட்டில்மேல் எடுத்து வைத்திருந்தாள். மகராசன் அதை அப்படியே விட்டுவிட்டு அதிர்ஷ்டக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எந்திரி தாத்தா. வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது, போயிரலாம்."

"பைத்தியமாடி உனக்கு? இப்ப எந்திரிச்சா அவ்வளவுதான்."

"நெஞ்சு வலிக்குதா இல்லையா?"

"வலியெல்லாம் இல்ல. யானிகேகே தின்னேன்ல, எண்ணெ சரியில்ல."

அவர் வாங்கின யானிகேகே, அந்தப் பொரித்த ரொட்டி, கடிபடாமல் தாளுக்குள் ஆறிப்போய்க் கிடந்தது. இந்த மனுஷனுக்குப் பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

நெரெய்தா அக்காவின் முதுகைச் சுரண்டினேன். "அக்கா, தாத்தாவுக்கு முடியலக்கா. கொஞ்சம் புடிங்க."

அவள் திரும்பவே இல்லை. "வெயிலுடி. தண்ணி குடு. யாரும் அசையாதீங்க, சொல்லிட்டேன்."

ஏழாவது சுற்றும் அப்படியே போனது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹெர்மினைப் பார்த்தது, நான் தாத்தாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்வை வழிந்து சட்டைக் காலர் நனைந்திருந்தது. அந்த நேரத்திலும் என் மனசின் ஒரு மூலை, இன்னும் ஆறு பேர் அவுட்டானால் போதுமே, இன்னும் ஐந்து பேர்தானே என்று எண்ணிக்கொண்டிருந்தது. அவர் வளர்த்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்!

எட்டாவது சுற்றில் அவர் உதடு நீலம் பாய்ந்தது. நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். அவர் நாற்காலிக் காலில் தன் காலைப் பின்னிக்கொண்டார். பின்னால் இருந்த ஆள், "விடும்மா, பெரியவரு ஆசையா உக்காந்திருக்காரு. ஒனக்கென்ன அவசரம்?" என்றான்.

"கொஞ்ச நேரம்டி," என்றார் தாத்தா. குரலே எழும்பவில்லை. "பாத்துட்டு வந்துர்றேன். என்னைக்காச்சும் உங்கிட்ட ஏதாச்சும் கேட்டிருக்கனா?"

கேட்டதே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஆனால் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்துவிட்டது. அங்கே அந்த ஹிட் இல்லாத ஆட்டம் உயிரோடு இருக்கிறவரை இவர் எழமாட்டார்.

நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன்.

"ஹெர்மின் இன்னும் ஒரு ஹிட்டுகூடக் குடுக்கல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "எல்லாருக்கும் கேட்டுச்சா? எட்டாவது சுத்து, ஒரு ஹிட்டுகூட இல்ல!"

எனக்கு நினைவு தெரிந்து எந்தப் பொம்பளையும் அந்த மைதானத்தில் அப்படித் திட்டு வாங்கியதில்லை. "வாயில மண்ணு விழ!" என்றாள் நெரெய்தா அக்கா. ஆரஞ்சுத் தோல் ஒன்று என் காதில் வந்து விழுந்தது. தலைநகரத்து உளவாளி என்றான் ஒருவன். தாத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்க்க முடியாமல் நான் மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹெர்மின் எறிந்தான். மட்டையில் பட்ட சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. பந்து இரண்டு பேருக்கு நடுவே புகுந்து புல்லில் உருண்டோடியது. அடித்தவன் முதல் தளத்தில் போய் நின்று கையைத் தட்டினான். ஊமையாகிப்போனது மைதானம்.

தாத்தா நாற்காலிக் காலிலிருந்து தன் காலை எடுத்தார்.

"இனிமே இங்க என்ன இருக்கு," என்றார். "வா."

எழுந்தார், படிக்கட்டு வரைக்கும் நடந்தார், அங்கே அப்படியே என்மேல் சாய்ந்தார். என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்களே அவரை ஏந்திக்கொண்டு ஓடினார்கள். தாத்தாவின் காலைப் பிடித்திருந்த நெரெய்தா அக்கா ஓடிக்கொண்டே அழுதாள். "சனியனே, நெஞ்சு வலின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"முடியலன்னு சொன்னேனேக்கா!"

"வெயிலுன்னுல்ல நெனச்சேன்!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, அடைப்பை எடுத்தாயிற்று, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கொண்டுவந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அவர் பிழைத்துவிட்டார், சரி. இனி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாரா?

மறுநாள் காலையில் கண் விழித்தவர் என்னைப் பார்க்கவில்லை, மேற்கூரையைப் பார்த்தார்.

"ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சோம் தாத்தா. மூணுக்கு சைபர்."

"எத்தன ஹிட்டு?"

"ஒண்ணு. அந்த ஒண்ணுதான். அதுக்கப்புறம் ஹெர்மின் யாருக்கும் குடுக்கல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் ஓரமாக இறங்கிக் காதுக்குள் போனது. நான் துடைக்கப் போனேன், பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

"மன்னிச்சிரு தாத்தா. அறுபது வருஷம் காத்திருந்தே."

அவர் ஊசி குத்தியிருந்த கையால் என் விரலைத் தேடிப் பிடித்தார்.

"ஹெர்மினப் பாத்தா சொல்லிரு," என்றார். "அந்த ஒண்ணு அவன் குடுத்ததில்ல. நான் பொழைக்கணும்னு நீ வாங்குனது."