செப்டம்பர் விலை

தோட்டாத் தட்டுப்பாடு வந்த ஆண்டு, மான் வேட்டைப் பருவம் தொடங்கிய நவம்பர் பதினைந்தாம் தேதி, கல்லியோ ஊரின் ரவுத்தியோ இரும்புக் கடையில் வாங்கிச் சுட்ட தோட்டாக்கள் கடைக்கே திரும்பி வந்தன. முதலாவது காலை எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டது. ஆள் நடக்கிற வேகத்தில், இடுப்பு உயரத்தில், தெருவின் வலது ஓரமாகவே வந்து, கதவைத் தள்ளி, மணியை அடித்து, கல்லாவுக்கு எதிரே கவுன்டரின் மேல் படுத்துக்கொண்டது. கடைக்காரன் ராய் ரவுத்தியோ மணிச் சத்தம் கேட்டு "இதோ வந்துட்டேன்" என்று உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தபடி வந்தான். ஆள் யாரும் இல்லை. ஈயக்குண்டு ஒன்று மட்டும் கிடந்தது; தொட்டால் சூடாக இருந்தது. மத்தியானத்துக்குள் காலி காப்பி டப்பா ஒன்றை எடுத்து அவற்றைப் போட்டு வைக்க வேண்டியதாயிற்று. பித்தளை உறைகள் காட்டுப் பனியிலேயே கிடந்துவிட்டதால் வந்த குண்டுகளை மறுபடி விற்கவும் வழியில்லை. இதைக் கடைக்காரர்கள் செய்த தந்திரம் என்று மார்க்கெட் என்கிற நகரத்துப் பத்திரிகை ஒன்று பிறகு எழுதியது. ரவுத்தியோக்கள் எந்தக் காலத்திலும் தந்திரம் செய்தவர்கள் அல்ல. நடந்தது நடந்தபடிதான் இங்கே சொல்லப்படுகிறது.

மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில், செம்புச் சுரங்கங்கள் மூடிய பிறகும் மூடாமல் இருந்த சில கடைகளில் அது ஒன்று. ராயின் கொள்ளுத்தாத்தா பின்லாந்திலிருந்து கப்பலேறி வந்து அதைத் திறந்தார். சுரங்கத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில் மற்றக் கடைக்காரர்கள் மாவுக்கும் மருந்துக்கும் தோட்டாவுக்கும் வாரம் ஒரு விலை சொன்னபோது, அவர் கடை வாசலில் நின்று, செப்டம்பரில் ஒட்டிய விலைதான் நவம்பர் முடியும்வரை என்று ஊரார் முன்னால் வாக்குக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் ஊர் மான் இறைச்சியால் பிழைத்தது. நன்றிக்காக ஆண்கள் சேர்ந்து இரண்டு தேவதாரு மரங்களை வெட்டி, கடை வாசலில் நட்டு, குறுக்கே ஒரு மரத்தைப் போட்டார்கள். அன்றிலிருந்து யார் மான் அடித்தாலும் முதலில் அந்த மான் கம்பத்தில் தொங்கவிட்டு, ஊர் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். ரவுத்தியோ குடும்பத்துக்கு நிலமோ பட்டமோ கிடையாது. அந்தக் கம்பம்தான் இருந்தது.

வைனோ ரவுத்தியோ, ராயின் அப்பா, அந்த ஆண்டு வசந்தத்தில் கடைச் சாவியை மகனிடம் கொடுத்திருந்தார். எழுபத்தொன்பது வயது, தேக்குப் பலகை மாதிரி முதுகு. சாவியைக் கொடுத்தவன் கல்லாவில் கை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. நோய்க்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு அப்போதுதான் வெளியே வரத் தொடங்கிய காலம் அது. பயந்த ஜனம் கண்டதையும் வாங்கிக் குவித்ததில் நாடெங்கும் தோட்டா கிடைக்கவில்லை. வாரம் ஒரு லாரி நிறைய வந்த இடத்தில் மாதம் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அக்டோபரில் ஒருநாள் ஒஹையோ மாநில எண் போட்ட வண்டியில் வந்த ஒருவன் அலமாரியிலிருந்த அத்தனை பெட்டிகளையும் வெளியில் விற்பதற்காகக் கேட்டான். அவனைத் தடுக்க ராய் பழைய விலைச் சீட்டின் மேல் புதுச் சீட்டை ஒட்டினான். மொத்த வியாபாரி விலை கூட்டியபோது அதன் மேல் இன்னொன்று. மூன்றாவது சீட்டுக்குக் காரணம் எதுவும் இல்லை, முதல் இரண்டையும் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர. கல்லியோக்காரர்கள் விலையைப் பற்றிப் பேசமாட்டார்கள். இந்த வருஷம் பனி சீக்கிரம் வரும்போல என்பார்கள், பணத்தை வைப்பார்கள், போவார்கள்.

வைனோவும் ஒருநாள் வந்தார். தொப்பியைக் கழற்றாமல், தன் பழைய முப்பது-முப்பது ரகத் துப்பாக்கிக்கு ஒரு பெட்டி கேட்டார். சீட்டைப் பார்த்தார், கை விரலால் அதன் தடிமனைத் தடவினார், பணத்தை எடுத்து வைத்தார்.

"நீங்க எதுக்குப்பா காசு குடுக்கறீங்க? எடுத்துட்டுப் போங்க."

"கடைக்கு வந்தா காசு குடுக்கணும்."

"இது நம்ம கடைப்பா."

"தெரியும். வாசல்ல பேரு இருக்கு, படிச்சேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று ஊரில் சிலர் பின்னால் பேசினார்கள். சொல்லாததுதான் அவர்.

பருவத்தின் முதல் நாள் காட்டுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் ஒரே கதை. குறி தப்பவில்லை, வெடிச் சத்தமும் வழக்கம்போல் இருந்தது. மான் தலையைத் தூக்கிப் பார்க்கும். குண்டு அதன் விலாவுக்கு ஒரு முழம் முன்னால் வேகம் குறைந்து, நின்று, எதையோ மறந்துவிட்டவன் மாதிரி திரும்பி ஊர்ப்பக்கம் கிளம்பும். மான் மறுபடி மேயும். மாலைக்குள் வண்டிக்காரர்கள் பழகிவிட்டார்கள்; நாற்சந்தியில் குண்டு கடக்கும்வரை பொறுத்திருந்து போனார்கள். வனத்துறை அதிகாரி ஒருவர் வந்து ஒன்றின் கூடவே அரை மைல் நடந்து பார்த்து, சட்டத்தில் இதற்கு எதிராக எதுவும் இல்லை என்றார். அன்று மான் கம்பத்தில் ஒரே ஒரு மான் தொங்கியது. மரம் வெட்டும் உர்ஹோ அடித்தது. அவன் தோட்டாவைச் செப்டம்பரிலேயே வாங்கிவிட்டிருந்தான்.

எதிரேயிருந்த பெட்ரோல் பங்க்காரன் அன்றைக்கே பேச்சை ஆரம்பித்துவிட்டான். ஒற்றை மானோடு நிற்கும் கம்பம் ஊருக்கு அழகில்லை, பருவம் முடிகிற ஞாயிறுவரை இப்படியே இருந்தால் பிடுங்கித் தன் வாசலில் நட்டுக்கொள்ளலாம், அங்கே வெளிச்சமும் நன்றாக இருக்கிறது என்றான். ஊர்க் கமிட்டி பார்க்கலாம் என்றது. கல்லியோவில் பார்க்கலாம் என்றால் சரி என்று பொருள். வைனோவின் காதுக்கு அது வந்தபோது அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்துவிட்டுக் கடைக்கு நடந்தார்.

அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில் லெம்பியும் வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் விதவை, வைனோவோடு ஒரே வகுப்பில் படித்தவள், புருஷன் போன பிறகு தன் ஃப்ரீசரைத் தானே மான் அடித்து நிரப்புகிறவள். அவளுக்கு முன்னால் அவளுடைய குண்டு நுழைந்தது.

"சதுப்புலேர்ந்து இதுகூடத்தான் நடந்து வர்றேன்," என்றாள் லெம்பி, பனியை உதறிக்கொண்டே. "பாலத்துக்கிட்ட கொஞ்சம் நின்னுச்சு. மூச்சு வாங்குது போலன்னு நானும் நின்னேன். என்னய்யா வைனோ, உங்க கடைச் சரக்குக்கு இவ்ளோ வீட்டுப் பாசமா?"

வைனோ குண்டைப் பார்த்தார். "மத்தக் கடைக்காரனும்தான் விலை ஏத்தினான். பக்கத்து ஊரு ஹோட்டன்ல ரெண்டு மடங்கு. அவன் குண்டு போய் ஒழுங்காத்தானே விழுது?"

"அவன் யாருக்காவது வாக்கு குடுத்தானா?" என்றாள் லெம்பி.

ராய் கத்தியை எடுத்து அலமாரிக்குப் போய்ச் சீட்டுகளைச் சுரண்ட ஆரம்பித்தான். அடியில் செப்டம்பர்ச் சீட்டு அப்படியே இருந்தது. "கூரைக்குத்தான்பா வச்சிருந்தேன்," என்றான், திரும்பாமலே. "ஒழுகுது, உங்களுக்கே தெரியும்." அவன் கெட்டவன் அல்ல என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். கூரை உண்மையிலேயே ஒழுகியது.

சீட்டைச் சுரண்டியதால் மட்டும் ஏற்கெனவே விற்ற தோட்டாக்கள் திருந்தவில்லை. மறுநாளும் மணி அடித்தபடியே இருந்தது. அதிகப்படியாக வாங்கிய பணத்தை ராயிடமிருந்து வாங்கிக்கொண்டு வைனோ தன் வண்டியில் வீடு வீடாகப் போனார். யார் எத்தனை பெட்டி வாங்கினார்கள் என்பதை அந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஒவ்வொரு வாசலிலும் தொப்பியைக் கையில் பிடித்து, "இது உங்க காசு, எடுத்துக்குங்க," என்றார். ஒவ்வொரு வாசலிலும் "பரவால்ல, வைனோ, இருக்கட்டும்," என்றார்கள். சரி என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சாயங்காலம் கொண்டுபோன பணம் அப்படியே திரும்பி வந்தது, குண்டுகளைப் போலவே. அதற்கு மறுநாளும் அவர்களின் குண்டுகள் வந்தன. வைனோவுக்குக் கோபம் வந்தது. கௌரவமாகக் கொடுத்ததை வாங்கமாட்டேன் என்கிற ஜனத்துக்கு இதற்கு மேல் ஒரு ரவுத்தியோ என்ன செய்வது என்று மகனிடம் கேட்டார்.

அதற்குப் பதில் லெம்பியிடமிருந்துதான் வந்தது. பேருந்தை நடுத்தெருவில் நிறுத்தி, கதவைத் திறந்து, ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே கேட்டாள்.

"உன் வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காப்பி குடுப்பல்ல?"

"குடுப்பேன்."

"எத்தன தடவ கேப்ப?"

கல்லியோவில் பிறந்தவர்களுக்கு அது சொல்லித்தர வேண்டிய விஷயம் அல்ல. விருந்தாளி முதல் தடவை வேண்டாம் என்பான், இரண்டாம் தடவை சிரமப்படாதீர்கள் என்பான், மூன்றாம் தடவை கேட்டால்தான் கோப்பையை வாங்குவான். முதல் தடவையே வாங்குகிறவனை வளர்த்த விதம் சரியில்லை என்பார்கள். வைனோவின் வீட்டில் கேட்பதெல்லாம் அவர் மனைவிதான். அவள் போன பிறகு அந்த வீட்டில் யாரும் காப்பி குடித்ததில்லை.

"ஒரு தடவ கேட்டுட்டுத் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போனா எவன் வாங்குவான்?" என்றாள் லெம்பி. "காசுய்யா அது. காப்பிய விடப் பெரிசு."

"நான் எதையும் ரெண்டு தடவ கேட்டதில்ல, லெம்பி. என் அப்பாவும் கேட்டதில்ல."

"அப்ப கம்பத்தப் பெட்ரோல் பங்க்ல போய்ப் பாத்துக்க," என்று கதவை மூடினாள்.

வைனோ அன்று முழுவதும் கம்பத்தின் அடியில் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். மறுநாள் காலை முதல் வீடாக லெம்பியின் வீட்டுக்குத்தான் போனார். சமையலறை மேசையில் ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி வெட்டி வைத்திருந்தது. பணத்தை அதன் பக்கத்தில் வைத்து, எடுத்துக்கொள் என்றார். வேண்டாம் என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல். எடுத்துக்கோ லெம்பி என்றார். சிரமப்படாதே வைனோ என்றாள். வைனோ கதவைப் பார்த்தார், கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். அவர் முதுகிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது, குளிரில் ஏரிப் பனிக்கட்டி விரிசல் விடுவது போல. லெம்பி அதைத் தெளிவாகக் கேட்டிருக்கிறாள்.

"தயவு பண்ணி வாங்கிக்கோ," என்றார்.

"குடு," என்றாள் லெம்பி. "உக்காரு. காப்பி?"

வைனோ வேண்டாம் என்றார். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை கோப்பையை வாங்கிக்கொண்டார்.

எல்லா வீடுகளுக்கும் அப்படித்தான் போனார். பல நாட்கள் ஆயின. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று தடவை கேட்டார், ஒவ்வொரு வீட்டிலும் காப்பி குடித்தார், இரவில் தூக்கம் வராமல் கிடந்தார். அவர் உயரம் ஒரு விரற்கடை குறைந்துவிட்டது. கால்சட்டையின் ஓரம் தரையில் இழுபட்டது. பணத்தை வாங்கியவர்களின் குண்டுகள் போன இடத்தில் விழ ஆரம்பித்தன. கடை மணியின் சத்தம் குறைந்து, ஒருநாள் நின்றது. பருவம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மான் கம்பத்தின் குறுக்கு மரம் பாரத்தில் வளைந்திருந்தது. கமிட்டிக்காரர்கள் காரை நிறுத்திப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் பனி சீக்கிரம் வந்துவிட்டது என்று சொல்லிப் போனார்கள். கூரையை ராய் தார்ப்பாய் போட்டுக் கட்டினான்.

மிச்சம் இருந்தது வைனோ வாங்கிய பெட்டி. ஞாயிறன்று கம்பத்தடியில் வைத்தே ராய் அந்தப் பணத்தை நீட்டினான்.

"இந்தாங்கப்பா. உங்களுது."

"வேண்டாம்."

"எல்லாருக்கும் குடுத்தாச்சு. உங்களுக்கு மட்டும் ஏன்?"

"விலை போட்டவன் என் மகன். அந்த விலைய நம்ம குடும்பத்துல ஒருத்தனாவது குடுத்திருக்கணும்," என்றார் வைனோ.

அடுத்த ஆண்டு முதல் நாள் அவர் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவைச் சுட்டார். அது திரும்பி வந்தது. அவரும் கூடவே நடந்து வந்தார், இரண்டு பேருக்கும் ஒரே வேகம். வேறு தோட்டா வாங்கிக்கொள்ளக் கடையில் தட்டுப்பாடு இல்லை; அவர் வாங்கவில்லை. நான்கைந்து நவம்பர்கள் அப்படிப் போயின. அவர் படுக்கையில் விழுந்த குளிர்காலத்தில் ராய் இரண்டாவது தடவை கேட்டான். இருக்கட்டும்டா, சிரமப்படாதே என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு மூன்றாம் தடவை கேட்க வேண்டும் என்பது ராய்க்குத் தெரியும். அப்பா களைத்திருக்கிறார், பனி உருகட்டும், ஏப்ரலில் கேட்கலாம் என்று நினைத்தான். வைனோ மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். துப்பாக்கியும் தீராமல் கிடந்த பெட்டியும் மகனுக்கு வந்தன.

இப்போதும் நவம்பர் பதினைந்தாம் தேதி ராய் அந்தப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு தோட்டாவை எடுத்துக்கொண்டு சதுப்புக்குப் போகிறான். மானைத் தேடுவதில்லை, ஒரு திசையைப் பார்த்துச் சுடுகிறான். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, குண்டுக்குப் பக்கத்தில், ஊரைப் பார்த்து நடக்கிறான். பாலத்துக்கிட்டே அது கொஞ்சம் நிற்கும், அவனும் நிற்பான். நாற்சந்தியில் வண்டிகள் வழிவிடும். லெம்பிக்குப் பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டுகிற புதுப் பெண்ணும் என்னவென்று கேட்காமல் நிறுத்திக்கொள்கிறாள். ஈயம் முன்பைவிட மெதுவாக வருகிறது, ராயும் முன்பைப்போல் நடப்பதில்லை, ஆகவே சேர்ந்தே வந்து சேர்கிறார்கள். கடை வாசலில், கம்பத்தடியில், பனியை உதறிவிட்டு ராய் கதவைத் திறந்து பிடிக்கிறான். முதலில் அது நுழைகிறது, பிறகு அவன்.